கோல்டன் காப்பி

நான் பார்க்கிற வேலைக்கு டெஸ்டிங் என்று பெயர். ஊரில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல மத்தவங்க பண்ற தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை" என்று சொல்லிவிடுவேன். "தப்பு பண்றவனுக்கு உன்னைவிட சம்பளம் ஜாஸ்தியாமே?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். ஜாஸ்திதான்.

இந்த வேலைக்குள் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. ரெஸ்யூமேயில் அதற்கு யாரும் ஒரு வரிகூட ஒதுக்க மாட்டார்கள். டெஸ்ட் ஓடி முடிந்ததும் டேட்டாபேஸைப் பழையபடி, டெஸ்ட் தொடங்குவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து வைப்பது. ஆங்கிலத்தில் ரீசெட். எங்கள் டீமில் "கழுவி விடுறது" என்போம். "கழுவி விட்டாச்சா?" "ஆச்சு, நாலு நிமிஷம்." அவ்வளவுதான் அதைப் பற்றிய பேச்சு.

நான் இருப்பது இன்ஷூரன்ஸ் மென்பொருளில். ஒருவர் பாலிசி எடுக்கிறார், பிரீமியம் கட்டுகிறார், வீடு மாறுகிறார், நாமினியின் பெயரை மாற்றுகிறார், ஒருநாள் இறந்துபோகிறார், நாமினி பணம் கேட்டு வருகிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஸ்கிரிப்ட். முந்நூற்றுச் சொச்சம் ஸ்கிரிப்டுகள் ராத்திரியில் தானாக ஓடும். நேற்று ராத்திரி ஒருவரைச் சாகடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால், இன்று அவருடைய பிரீமியம் ஸ்கிரிப்ட் தோற்கும். இறந்தவரிடம் பிரீமியம் வாங்க முடியாது என்று மென்பொருள் சரியாகத்தான் சொல்லும். ஆனால் ரிப்போர்ட்டில் சிவப்பு விழும். காலையில் வந்து உட்கார்ந்து அந்தச் சிவப்பு எதற்கு என்று தேடுகிறவனுக்கு அரை நாள் போய்விடும். கேரம் ஆட்டம் முடிந்ததும் காய்களை எல்லாம் திரும்ப நடுவில் அடுக்கித்தானே அடுத்த ஆட்டம்? அதுதான் இது.

சிவப்பாவது பரவாயில்லை. பச்சை விழக்கூடாத இடத்தில் பச்சை விழுவதுதான் ஆபத்து. ஒரு ஸ்கிரிப்ட் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கும். அடுத்த ஸ்கிரிப்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாமலேயே, அந்த வரியைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிவிடும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் யாராவது ஸ்கிரிப்டுகளின் வரிசையை மாற்றினால்தான் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு முன்னால் எதுவுமே நடக்கவில்லை என்று நம்பித் தொடங்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் ரீசெட்.

எங்கள் செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கடைசி நாள் படுகளம். மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷம் கட்டியவர் வந்து அதன் தொடையில் அடிப்பார். அடுத்த திருவிழாவுக்கு மறுபடி மண் குழைத்து, மறுபடி ஒரு துரியோதனன். செத்த சுவடே அவன் உடம்பில் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரீசெட் என்றால் என்ன என்று எனக்கு நானே இப்படித்தான் சொல்லிப் புரிந்துகொண்டேன்.

பழைய நிலைக்குத் திரும்பப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவது ஒன்று. டேபிள்களை உருவாக்கி, ஒவ்வொரு வரியாகத் தகவலை ஊற்ற வேண்டும். சுத்தமான வழி, ஆனால் மெதுவானது. ஒரு டேபிள் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் எதை முதலில் அழிப்பது என்ற வரிசை வேறு. பாலிசி இருக்கும்போது வாடிக்கையாளரை அழிக்க விடாது.

இரண்டாவது வழி டிரான்ஸாக்‌ஷன். தொடங்கு என்று சொல்லிவிட்டு டெஸ்ட்டை ஓட்டுவது, கடைசியில் கமிட் செய்யாமல் ரோல்பேக் சொல்லிவிடுவது. நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் டெஸ்ட்டும் மென்பொருளும் ஒரே கனெக்‌ஷனில் பேசினால்தான் இது சரிப்படும். பிரௌசரைத் திறந்து, மனிதன் போலவே பட்டனை அழுத்திச் சோதிக்கிற ஸ்கிரிப்டுகளுக்குச் சரிப்படாது. கமிட் ஆகாத தகவல் அடுத்த கனெக்‌ஷனின் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, நாங்கள் பயன்படுத்துவது, ஸ்நாப்ஷாட். எஸ்கியூஎல் சர்வரில் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. பெயரைக் கேட்டால் முழு டேட்டாபேஸையும் போட்டோ பிடித்து வைக்கிற மாதிரி தோன்றும். உண்மையில் ஸ்நாப்ஷாட் எடுக்கும் நேரத்தில் அது தகவல் எதையும் நகல் எடுப்பதில்லை. டேட்டாபேஸ் என்பது 8 கேபி அளவுள்ள பக்கங்களால் ஆனது. ஒரு பக்கம் முதன்முறையாக மாறப்போகும்போது, மாறுவதற்கு முந்தைய பக்கத்தை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளும். மாறாத பக்கங்களை அது தொடுவதே இல்லை. திரும்பிப் போ என்றால், எடுத்து வைத்திருந்த பழைய பக்கங்களை அதனதன் இடத்தில் போட்டுவிடும். அதனால்தான் நாலு நிமிஷம். போஸ்ட்கிரஸில் வேறு மாதிரி. ஒரு டேட்டாபேஸை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் புதிதாக இன்னொன்றை உருவாக்கச் சொல்லலாம். அந்த நேரத்தில் வேறு யாரும் அந்த டெம்ப்ளேட்டுக்குள் இருக்கக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

எந்த வழியில் போனாலும் போகிற இடம் ஒன்றுதான். ஆரம்ப நிலை. அதற்கு எங்கள் தொழிலில் செல்லமாக ஒரு பெயர் உண்டு. கோல்டன் காப்பி.

ரீசெட்டுக்குப் பிடிபடாத விஷயங்களும் இருக்கின்றன. வரிசை எண் அதில் ஒன்று. போஸ்ட்கிரஸில் ஒரு டிரான்ஸாக்‌ஷன் 42 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு பிறகு ரோல்பேக் ஆகிவிட்டால், வரி மறைந்துவிடும். எண் திரும்பி வராது. அடுத்து வருபவருக்கு 43தான். பேங்கில் டோக்கன் எடுத்துவிட்டு ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று வையுங்கள். மெஷினுக்குள் அந்தச் சீட்டைத் திரும்பத் திணிக்க முடியாது, அதற்குள் பின்னால் நின்றவர் 43-ஐக் கிழித்திருப்பார். பட்டியலில் 41-க்கும் 43-க்கும் நடுவே ஓர் ஓட்டை இருக்கும். இங்கே ஒருவர் வந்துவிட்டுப் போனார் என்பதற்கு அது மட்டும்தான் சாட்சி.

காலமும் அப்படித்தான். டேட்டாபேஸை நான்கு வருஷம் பின்னால் கொண்டுபோகலாம், சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுபோக முடியாது. கோல்டன் காப்பியில் பதினேழு வயதுப் பெண்ணாக இருந்த ஒரு நாமினிக்கு ஒருநாள் பதினெட்டு ஆகிவிட்டது. மைனருக்கான ஸ்கிரிப்ட் அன்றிலிருந்து தோற்க ஆரம்பித்தது. கோடு எதுவும் மாறவில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பெண் யார் என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோல்டன் காப்பி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் போயிருப்போம். அது உண்மையான டேட்டாபேஸிலிருந்து வந்தது. நான் சேர்வதற்கு நான்கு வருஷம் முன்பு, நிறுவனத்தின் நிஜமான வாடிக்கையாளர்களில் சில ஆயிரம் பேரை அப்படியே நகல் எடுத்து டெஸ்ட் சர்வரில் வைத்திருந்தார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, நாமினி, போன் நம்பர் எல்லாம் நிஜம். "மாஸ்கிங் செய்ய வேண்டும்" என்று ஒரு டிக்கெட் திறந்திருந்தது. ஒவ்வொரு மூன்று மாதமும் அடுத்த மூன்று மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டு, எனக்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்த டிக்கெட்.

ஒரு புதன்கிழமை. அன்று சாயங்காலம் ரிலீஸ் என்பதால் ராத்திரி ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளைக் காலையிலேயே ஓட்டினார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் டெஸ்ட் சூழலைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியபோது எஸ்எம்எஸ் அனுப்பும் கான்ஃபிக் கோப்பில், போலி கேட்வே இருக்க வேண்டிய இடத்தில் நிஜமான கேட்வேயின் முகவரி வந்து உட்கார்ந்துவிட்டது. அது வேறு டீம். யார் என்று பிறகு தெரிந்தது, இங்கே அது தேவையில்லை.

டெத் கிளெய்ம் ஸ்கிரிப்ட் பதினோரு பாலிசிகளை எடுக்கும். பாலிசிதாரர் இறந்துவிட்டார் என்று குறிக்கும், நாமினிக்குச் செய்தி அனுப்பும். அன்று பதினோரு செய்திகள் பதினோரு நிஜமான போன்களுக்குப் போயின. நிறுவனத்தின் பெயரைத் தாங்கி, முறைப்படி பதிவு செய்யப்பட்ட வாசகத்தோடு, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், இன்ன எண்ணுள்ள பாலிசிக்கு டெத் கிளெய்ம் பதிவாகியிருக்கிறது என்று. பதினொன்றே முக்காலுக்கு ரிப்போர்ட் வந்தது. எல்லாம் பச்சை. வழக்கம்போல ரீசெட் ஓடியது. பதினோரு பேரும் உயிரோடு எழுந்துவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இதற்கு அடுத்து நடந்தது. அந்தப் பதினோரு குடும்பங்களும் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டிருக்கின்றன. கஸ்டமர் கேரில் இருந்தவர்கள் நிஜ டேட்டாபேஸைப் பார்த்தார்கள். அதில் ஒன்றுமில்லை. "அப்படி எந்த மெசேஜும் எங்க சைடிலிருந்து போகலையே மேடம், வேற யாராவது ஏமாத்துறாங்களா பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் விசாரணை வந்தபோது டெஸ்ட் டேட்டாபேஸிலும் ஒன்றுமில்லை, அதுதான் கழுவியாகிவிட்டதே. கடைசியில் கேட்வே நிறுவனத்தின் லாகிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். பதினோரு வரிகள், நேரத்தோடு. அது எங்களுடைய டேட்டாபேஸ் இல்லை என்பதால் தப்பித்திருந்தது.

பதினோரு பேரில் மூன்று பேர் தமிழ்நாடு. பெங்களூர் ஆபீஸில் தமிழ் தெரிந்த ஆள் யார் என்று தேடியபோது நான் அகப்பட்டேன். கஸ்டமர் கேரிலிருந்து ஓர் அதிகாரியும் லைனில் இருப்பார், "டெக்னிக்கல் பிழை என்று மட்டும் சொல், அதிகம் பேசாதே" என்றார்கள். முதல் இரண்டு பேரும் நிறையத் திட்டிவிட்டு வைத்தார்கள். மூன்றாவது தென்காசிப் பக்கத்து ஓர் அம்மா. கணவர் ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறார்.

"மேடம், நான் பெங்களூர்லேர்ந்து பேசறேன்" என்று ஆரம்பித்தேன்.

"மேடம் எல்லாம் வேண்டாம் தம்பி. என்ன விஷயம், சொல்லுங்க."

சொன்னேன். டெக்னிக்கல் பிழை, உங்கள் கணவருக்கு ஒன்றுமில்லை, பாலிசியும் பத்திரமாக இருக்கிறது.

"அவுகளுக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். ஒண்ணரை மணிக்குப் பேசிட்டாக. அதுக்கு முந்தி ரெண்டு மணி நேரம் போன் போகல தம்பி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எட்டாப்பு படிக்கிற பிள்ளைதான் வாசிச்சா. டெத்துன்னு இருக்கும்மான்னு அவதான் சொன்னா. தெருவே கூடிட்டு. அத்தை மயங்கி விழுந்து இப்போ ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏறுது. இப்போ வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லுதிய."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரல் சற்றுத் தணிந்தது. "எங்க ஆச்சி, செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுதாவ. அப்பிடியே இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கேன். அவுக பேரு எப்பிடித் தம்பி அங்க வந்துச்சு? பரீட்சை பாக்கதுக்கு அவுக பேரா கெடச்சுது?"

அதிகாரி குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். நான், "தெரியலம்மா, கேட்டு எடுக்கச் சொல்றேன்" என்றேன்.

"எடுத்துருங்க. அந்தப் பேரு அதுல இருக்கப்பிடாது."

அன்று ராத்திரி அறைக்குப் போன பிறகு ஒரு கணக்கு மனதில் ஓடியது. ராத்திரிக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் ஓடுகிறது. நான்கு வருஷமாக அந்த மனிதர் ராத்திரிதோறும் எங்கள் சர்வரில் இறந்து, விடிவதற்குள் எழுந்திருக்கிறார். மெசேஜ் வெளியே போகாததால் அது யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் தவறில்லை என்றும் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டிரான்ஸாக்‌ஷன் என்ற கருத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. 1998-இல் டூரிங் விருது வாங்கியவர். 1981-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று டிரான்ஸாக்‌ஷனின் நன்மைகளையும் எல்லைகளையும் பேசுகிறது. கிறிஸ்தவத் திருமணத்தை அதில் உதாரணமாகக் காட்டுவார். இருவரும் சம்மதம் சொன்ன பிறகுதான் திருமணம், ஒருவர் மறுத்தாலும் எதுவும் நடக்கவில்லை என்று பொருள். பழைய கணக்கர்களைப் பற்றியும் அதில் வருகிறது. பேரேட்டில் எழுதியதை அவர்கள் அழிக்க மாட்டார்கள். தவறு என்றால் அதைக் குறித்துவிட்டு, ஈடுகட்டும் புதுப் பதிவு ஒன்றை எழுதுவார்கள். கமிட் ஆனதை இல்லையென்று ஆக்க முடியாது, ஈடுதான் செய்ய முடியும். பின்னால் 1993-இல் ஆந்த்ரேயாஸ் ராய்ட்டரோடு சேர்ந்து எழுதிய பெரிய புத்தகத்தில் "நிஜச் செயல்கள்" என்று ஒரு வகையைத் தனியே பிரித்தார்கள். இரும்புத் தகட்டில் துளை போடுவது, ஏவுகணையை ஏவுவது மாதிரியானவை. அவற்றுக்கு ரோல்பேக் கிடையாது. அதனால் எல்லாம் உறுதியான பிறகே, கடைசியாகச் செய்ய வேண்டியவை. எஸ்எம்எஸ் அந்த வகை.

ஜிம் கிரே 2007 ஜனவரி 28 அன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தன் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்க ஃபாரலன் தீவுகளை நோக்கிப் போனார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வாங்கி இணையத்தில் வைக்க, ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொரு படமாகப் பார்த்துப் படகைத் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. 2012-இல்தான் நீதிமன்றம் அவர் இறந்ததாக அறிவித்தது. எங்கள் ஸ்கிரிப்டுகளில் காணாமல் போனவர்களுக்கும் ஒன்று உண்டு. நம் சட்டப்படி ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம். நாங்கள் தேதியை மாற்றி அந்த ஏழு வருஷத்தை அரை நொடியில் கடந்துவிடுவோம். அவர் வீட்டிலிருந்தவர்கள் அந்த ஐந்து வருஷத்தை ஒவ்வொரு நாளாகத்தான் கடந்திருப்பார்கள்.

சம்பவத்துக்குப் பிறகு கான்ஃபிக் கோப்பைச் சரிசெய்தார்கள். டெஸ்ட் சர்வரிலிருந்து வெளியே எந்த கேட்வேயையும் தொட முடியாதபடி நெட்வொர்க்கிலேயே அடைத்தார்கள். அத்தோடு பிரச்சினை முடிந்தது என்றார்கள். நான் கோல்டன் காப்பியை மாற்ற வேண்டும் என்றேன். "இனி மெசேஜே போகாதே, பெயர் இருந்தால் என்ன?" என்று கேட்டார் மேனேஜர். நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. ஒருவரிடமிருந்து எதற்காகத் தகவல் வாங்கினோமோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டு 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது என்று சொன்னேன். அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் டிக்கெட் நகர்ந்தது. தென்காசி அம்மாவின் பெயரால் நகரவில்லை. எப்படியோ, நகர்ந்ததே போதும்.

மூன்று வாரம் அந்த வேலை. எல்லாப் பெயரையும் "டெஸ்ட் யூசர் 1, 2, 3" என்று மாற்றினால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் நிஜப் பெயர்கள்தான் நிறையப் பிழைகளைக் காட்டிக் கொடுத்திருந்தன. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்கிற படிவம் நம் ஊரில் முதல் நாளே மாட்டிக்கொள்ளும். இரண்டு இனிஷியல், பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர், புள்ளி வைத்தவர், வைக்காதவர், அப்பாவுக்குப் பதில் அம்மா இனிஷியல் போட்டவர் என்று இத்தனை வகையும் வேண்டும், ஆனால் யாரும் நிஜமாக இருக்கக்கூடாது. உட்கார்ந்து இல்லாத மனிதர்களை உருவாக்கினேன். பிறந்த தேதியை நிலையாக எழுதாமல், இன்றிலிருந்து இத்தனை வருஷம் முன்பு என்று கணக்கிடச் சொன்னேன். இப்போது அந்தப் பதினேழு வயதுப் பெண் என்றைக்கும் பதினேழுதான். அவள் வேறு பெண், யாருடைய மகளும் இல்லை.

பழைய நகலைப் போகிற போக்கில் அழித்துவிடவும் முடியாது. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் தகவலை அழித்துவிட்டார். பேக்கப் என்று நம்பியிருந்த வழிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்பு சோதனைச் சூழலுக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்நாப்ஷாட். இந்தக் கதை தெரிந்த எந்த டேட்டாபேஸ் அட்மினும் நகலை அழிக்கச் சம்மதிக்க மாட்டார். "இருந்துட்டுப் போகட்டுமே, மூலையில கெடக்குது" என்பார். எங்கள் அட்மினும் அதைத்தான் சொன்னார். நிஜ டேட்டாபேஸின் பேக்கப்பை அவர் முன்னாலேயே மீட்டுக் காட்டச் சொல்லி, அது சரியாக எழுந்ததைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஸ்நாப்ஷாட்டுகள், டெவலப்பர்களின் லேப்டாப்புகளில் இருந்த பிரதிகள், யாரோ மின்னஞ்சலில் அனுப்பிய ஒரு எக்செல் கோப்பு என்று தேடித் தேடி அழித்தோம். மொத்தம் ஒன்பது இடத்தில் இருந்தது. எங்களுக்குத் தெரிந்து ஒன்பது.

கடைசிப் பிரதி அழிந்த அன்று அந்தத் தென்காசி அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. நம்பர் எங்கள் டேட்டாபேஸில் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டேன். டெஸ்டிங் ஆட்களுக்கு வாடிக்கையாளரின் எண்ணைத் தரக்கூடாது என்று புது விதி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த விதியைக் கேட்டு மெயில் போட்டவர்களில் நானும் ஒருவன். சரி என்று போனை வைத்துவிட்டு, அன்றைக்கு ரீசெட் ஓடியதா என்று பார்க்கப் போனேன்.